புண்நீரும் கட்டும்: சுற்றியுள்ள தோலைக் காப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சர்க்கரை நோயால் வரும் பாதப் புண், நரம்புச் சுருட்டலால் வரும் கால் புண், படுக்கைப் புண் ஆகியவற்றுக்குக் கட்டு மாற்றுவதே பதினாறு ஆண்டுகளாக என் வேலை. கட்டைப் பிரிக்கும்போது பக்கத்தில் நிற்கும் மனைவியோ மகனோ மருமகளோ கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். அடுத்தவர் வெளியே காத்திருக்கும்போது அரைகுறையாகத்தான் பதில் சொல்ல முடிகிறது. அது மனத்தை உறுத்திக்கொண்டே இருந்ததால், அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே கேள்விகளைக் குறித்துவைத்து, முழுப் பதிலையும் இங்கே எழுதியிருக்கிறேன். உங்கள் வீட்டுப் புண்ணுக்கு எந்தக் கட்டு என்பதை அதை நேரில் பார்க்கும் மருத்துவர்தான் முடிவுசெய்ய வேண்டும்.

புண்ணிலிருந்து நீர் வடிந்துகொண்டே இருக்கிறது. சீழ் பிடித்துவிட்டதா?

வடிவதெல்லாம் சீழ் அல்ல. காயம் பட்ட இடத்தில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் நெகிழ்ந்து, இரத்தத்தின் நீர்ப்பகுதியைக் கசியவிடுகின்றன. வெளிர்மஞ்சளாக, தெளிவாக இருக்கும் இந்தப் புண்நீரில் புரதமும், கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்களும், புதுச் சதை வளரத் தூண்டும் பொருள்களும் இருக்கின்றன. புதுக் காயத்துக்கு இது உணவு. சீழ் கெட்டியாக, கலங்கலாக இருக்கும். பெரும்பாலும் நாற்றமும் வலியும் சூடும் உடன் வரும்.

மாதக்கணக்கில் ஆறாத புண்ணின் நீர் வேறு மாதிரி. செத்த சதையைக் கரைக்க உடல் அனுப்பும் நொதிகள் அதில் அளவு மீறிச் சேர்ந்துவிடுகின்றன. கரைக்க வேண்டியதைக் கரைத்த பிறகும் அவை ஓய்வதில்லை; புதிதாக முளைக்கும் சதையையும் பக்கத்துத் தோலையும் அரிக்கின்றன. அதனால்தான் பழைய புண்ணில் நீர் எங்கே போகிறது என்பதை இவ்வளவு கவனிக்கிறோம்.

புண் காய வேண்டும் என்றுதானே எல்லாம் செய்கிறோம்? காற்றாடத் திறந்து வைத்தால் சீக்கிரம் ஆறாதா?

'காய்வது', 'ஆறுவது' என்ற இரண்டு சொற்களையும் நாம் ஒன்றாகப் பேசுவதால் வரும் குழப்பம் இது. 1962இல் பிரிட்டனைச் சேர்ந்த ஜார்ஜ் வின்டர் என்ற ஆய்வாளர், பன்றிகளின் தோலில் ஆழமில்லாத காயங்களை உண்டாக்கி, சிலவற்றைத் திறந்து விட்டார். சிலவற்றைப் பாலித்தீன் தாளால் மூடினார். மூடி ஈரமாக வைத்தவற்றில் புதுத் தோல் ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகமாகப் படர்ந்தது. மறு ஆண்டே மனிதர்களிடமும் அது உறுதியானது.

காரணம் எளிது. புதுத் தோலின் செல்கள் புண்ணின் ஓரத்திலிருந்து உள்நோக்கி ஊர்ந்து வருகின்றன. மேற்பரப்பு ஈரமாக இருந்தால் நேராக நகரும். காய்ந்து பொருக்குத் தட்டிவிட்டால், அந்தப் பொருக்குக்கு அடியில் ஈரமான இடத்தைத் தேடி வழி குடைந்துகொண்டு போக வேண்டும். நாற்றங்காலை நினைத்துப் பாருங்கள்: ஈரம் வறண்டால் நாற்று காயும், தண்ணீர் தேங்கினால் அழுகும். கட்டின் வேலை அந்த இரண்டுக்கும் நடுவில் புண்ணை வைத்திருப்பது. இந்த விதிக்கு ஒரு முக்கியமான விலக்கு உண்டு. கறுத்த விரல் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

சிஸ்டர், புண்ணைச் சுற்றி வெள்ளை வெளேர் என்று ஆகியிருக்கிறது. புதுத் தோல் வருகிறதா?

இந்தக் கேள்வியை முகமெல்லாம் மலரக் கேட்பார்கள். இல்லை என்று சொல்ல மனம் வராது, ஆனால் சொல்லியாக வேண்டும். புதுத் தோல் புண்ணின் ஓரத்தில் மெல்லிய, இளஞ்சிவப்பான, முத்துப் போலப் பளபளக்கும் கோடாக வரும். வெளுத்து, உப்பி, சுருக்கம் விழுந்து, நாள் முழுக்கத் துணி துவைத்த கை மாதிரி இருந்தால் அது ஊறிப்போன தோல். கட்டு தாங்க முடியாமல் விட்ட நீர் நல்ல தோலில் தேங்கியிருக்கிறது என்று பொருள். ஊறிய தோல் லேசாகத் தேய்த்தாலே உரியும், புண் அகலமாகும், கிருமி நுழைய வழி கிடைக்கும்.

அண்மையில் ஒரு பெரியவருக்குக் கணுக்காலுக்கு மேலே புண். கட்டைப் பிரித்தால் மேல்புறத் தோல் நன்றாக இருக்கிறது. கீழ்ப்புறம் மட்டும் மூன்று விரல் அகலத்துக்கு வெளுத்து ஊறிக் கிடக்கிறது. நாளெல்லாம் நாற்காலியில் காலைத் தொங்கவிட்டு உட்காருபவர் அவர். நீர் கீழ்நோக்கித்தானே ஓடும்? கட்டைப் புண்ணுக்கு நேர் நடுவில் வைக்காமல், பெரும்பகுதி கீழ்ப்புறம் வருமாறு இறக்கி வைத்தேன். அடுத்த முறை பிரித்தபோது அந்த வெளுப்பு பாதியாகக் குறைந்திருந்தது.

நீரின் நொதிகள் தோலை அரித்தால் வெளுப்புக்குப் பதில் சிவந்து எரியும். நம் மாநிறத்திலும் கறுப்பிலும் அந்தச் சிவப்பு கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். சுற்றுத் தோல் வழக்கத்தைவிடக் கருத்தோ ஊதா படிந்தோ இருக்கிறதா என்று பாருங்கள். கையின் பின்புறத்தை வைத்துச் சூட்டை உணருங்கள். எரிகிறதா என்று நோயாளியிடம் கேளுங்கள்.

எல்லாம் பஞ்சுதானே? சாதாரண காஸுக்கும் விலை கூடிய கட்டுக்கும் என்ன வித்தியாசம்?

பஞ்சு என்றாலே உறிஞ்சும் என்று நினைக்கிறோம். செடியிலிருந்து பறித்த பஞ்சில் மெழுகுப் பசை இருக்கிறது. அது நீரை ஏற்காது. அதை நீக்கிய பிறகுதான் மருத்துவப் பஞ்சாகிறது. அப்படிப் பசை நீக்கிய பஞ்சை இரண்டு காஸ் துணிகளுக்கு நடுவே வைத்து, 1880இல் பர்மிங்காம் அறுவை மருத்துவர் சாம்ப்சன் கேம்ஜி உருவாக்கியதுதான் இன்றும் நம் மருத்துவமனைகளில் 'கேம்ஜி பேட்' என்று கேட்டு வாங்கும் திண்டு. நல்ல பொருள்தான். ஆனால் பஞ்சும் காஸும் நீரை இழைகளுக்கு நடுவில்தான் பிடித்துவைக்கின்றன. அழுத்தினால் திரும்பக் கக்கிவிடும். பக்கவாட்டிலும் பரவி, புண்ணை விட்டு நல்ல தோலை நனைக்கும். காய்ந்த காஸ் புண்ணில் ஒட்டிக்கொண்டு, உரிக்கும்போது முளைத்த சதையையும் பிய்த்துக்கொண்டு வரும்.

ஃபோம் கட்டு பாலியூரிதேன் நுரையால் ஆனது. புண்ணைத் தொடும் பக்கம் நீரை உள்ளே இழுக்கும். வெளிப்பக்கத்தில் உள்ள மெல்லிய படலம் நீரை வெளியே விடாது, ஆவியை மட்டும் விடும். உறிஞ்சியதில் ஒரு பங்கு ஆவியாகப் பறந்துவிடுவதால்தான் அது பல நாள் தாங்குகிறது. அந்தப் படலத்தின் மேல் பிளாஸ்டரை அடுக்கடுக்காக ஒட்டி மூடிவிட்டால் கொடுத்த காசு வீண். வீட்டில் நடக்கும் தவறுகளில் இதைத்தான் அதிகமாகப் பார்க்கிறேன்.

கடற்பாசியில் செய்தது என்று ஒன்றைக் கொடுத்தார்கள். உண்மையா?

உண்மை. ஆல்ஜினேட் என்பது பழுப்பு நிறக் கடற்பாசிகளின் உடலில் இருக்கும் பொருள். மண்டபம், இராமேசுவரம் பக்கம் கட்டக்கோரை என்று அழைக்கும் பாசியிலும் அது உண்டு. அதை நாராக இழுத்துப் பஞ்சு போல் அடுக்குகிறார்கள். நாரில் கால்சியம் பிணைந்திருக்கிறது. புண்நீரில் உள்ள சோடியம் கால்சியத்தின் இடத்தைப் பிடிக்க, நார் இளகிக் கூழாகிறது. நீரும் அந்தக் கூழுக்குள் சிக்கிக்கொள்கிறது. விடுபட்ட கால்சியம் இரத்தம் உறையவும் உதவுவதால், லேசாக இரத்தம் கசியும் புண்ணுக்கு இது பொருத்தம்.

இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். நீர் அதிகம் உள்ள புண்ணுக்கு மட்டுமே இது. வறண்ட புண்ணில் வைத்தால் கூழாகாமல் ஒட்டிக்கொள்ளும். புண்ணின் அளவுக்கு வெட்டி உள்ளே வைக்க வேண்டும். விளிம்பைத் தாண்டி நல்ல தோலில் படுத்தால் அந்தத் தோலையும் ஊறவைக்கும். மேலே இன்னொரு உறிஞ்சும் கட்டும் தேவை. பிரிக்கும்போது மஞ்சள் கூழைப் பார்த்துச் சீழ் என்று பயப்பட வேண்டாம். சலைன் எனும் உப்புநீரால் கழுவிவிட்டுப் புண்ணைப் பாருங்கள்.

டயப்பரில் இருப்பதுதான் விலை கூடிய கட்டிலும் இருக்கிறதாமே? அப்படியானால் டயப்பரையே வெட்டிப் போடலாமா?

முதல் பாதி சரி. அதிக நீர் வடியும் புண்ணுக்கான சூப்பர் அப்சார்பென்ட் கட்டுகளில் டயப்பரில் இருக்கும் அதே வகைக் குருணைதான் இருக்கிறது: சோடியம் பாலிஅக்ரிலேட். ஒரு புது டயப்பரைக் கிழித்துக் கொஞ்சம் குருணையைக் கிண்ணத்தில் போட்டுத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்; நுங்கு போலத் திரண்டு நிற்கும், கிண்ணத்தைச் சாய்த்தாலும் ஒழுகாது. அதன் மேல் உப்பைத் தூவினால் இளகி நீரை விட்டுவிடும். தூய நீரில் தன் எடையைப் போல் சில நூறு மடங்கு உறிஞ்சும் குருணை, உப்புள்ள உடல் நீரில் ஏறத்தாழ அதில் பத்தில் ஒரு பங்குதான் உறிஞ்சும். அப்படியும் பஞ்சைவிட மிக அதிகம். அழுத்தினாலும் திரும்பக் கொடுக்காது.

இரண்டாம் பாதிக்குப் பதில்: வெட்டாதீர்கள். வெட்டினால் குருணை புண்ணுக்குள் கொட்டும். இந்த வகைக் கட்டு எதையுமே வெட்டக் கூடாது, குழிப் புண்ணுக்குள் திணிக்கவும் கூடாது. உப்பும்போது உள்ளிருந்து அழுத்தும். டயப்பரும் நாப்கினும் கிருமி நீக்கம் செய்யப்பட்டவை அல்ல, ஆகவே புண்ணின் மேல் நேரடியாகப் படக் கூடாது. கையில் காசு இல்லாத வீடுகளை நான் அறிவேன். கிருமி நீக்கிய காஸைப் புண்ணின் மேல் வைத்து, வெளி அடுக்காக மட்டும் முழு நாப்கின் ஒன்றை வைக்கலாமா என்று உங்கள் மருத்துவரையோ செவிலியரையோ வெட்கப்படாமல் கேளுங்கள். சில புண்களுக்குச் சரி என்பார்கள். அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும்.

எந்த அளவு வாங்குவது?

புண்ணின் விளிம்பிலிருந்து எல்லாப் பக்கமும் குறைந்தது 2 முதல் 3 சென்டிமீட்டர் கூடுதலாக. காலாக இருந்தால் கீழ்ப்புறம் இன்னும் கொஞ்சம் அதிகம். காரணத்தைக் கணுக்கால் பெரியவர் கதையில் சொல்லிவிட்டேன்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்? தினமும் மாற்றினால்தானே சுத்தம்?

தினமும் பிரிப்பதால் புண் குளிர்ந்துபோகிறது, முளைத்த சதை கலைகிறது, பிளாஸ்டர் ஒட்டிய தோல் ஒவ்வொரு நாளும் இழுபடுகிறது. தேதியைவிடக் கறையைப் பாருங்கள். ஃபோம் கட்டின் வெளிப்பக்கத்தில் நீரின் கறை தெரியும். அது எங்கே நிற்கிறது என்று பேனாவால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். கறை விளிம்பிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தூரத்தை நெருங்கிவிட்டால் அன்றே மாற்றுங்கள். ஓரத்தில் ஒழுகிய பிறகு மாற்றுவது தாமதம். இரவெல்லாம் தோல் ஊறியிருக்கும். கறை நடுவிலேயே நின்றால், வகையைப் பொறுத்து ஏழு நாள் வரைகூட வைக்கலாம். ஆனால் உணர்வு மரத்த சர்க்கரை நோய்ப் பாதத்தை அவ்வளவு நாள் பார்க்காமல் விடக் கூடாது. உள்ளே கெட்டுப்போனாலும் வலி சொல்லாது.

கோடையில் இன்னொரு தொல்லை சேர்கிறது. அக்னி நட்சத்திர வெயிலில் வியர்வை கட்டுக்கு அடியில் தேங்கி, ஓரம் தூக்கிக்கொள்ளும். தூக்கிய ஓரத்தின் மேல் இன்னொரு பிளாஸ்டரை ஒட்டாமல் கட்டையே மாற்றுங்கள்.

சுற்றியுள்ள தோலுக்கு என்ன தடவுவது? தேங்காய் எண்ணெய் போதாதா?

தேங்காய் எண்ணெய் வறண்ட தோலுக்கு நல்லது. புண்ணின் ஓரத்தில் தடவினால் கட்டு ஒட்டாது. ஒட்டாத ஓரத்தின் வழியே நீர் வெளியேறும், தோல் மறுபடி ஊறும். பிளாஸ்டர் ஒட்டாத தூரத்தில், காய்ந்து வெடித்த பாதத்துக்குத் தாராளமாகத் தடவுங்கள்.

ஓரத்துக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று பாரியர் ஃபிலிம்: துடைக்கும் தாளாகவோ தெளிப்பானாகவோ கிடைக்கும். மெல்லிய பூச்சாகப் பூசிச் சுமார் அரை நிமிடம் காயவிட்டால் கண்ணுக்குத் தெரியாத படலம் உருவாகும். நீர் தோலைத் தொடாது, அதன் மேல் கட்டும் ஒட்டும். இன்னொன்று ஜிங்க் ஆக்சைடு களிம்பு. மலிவு, நன்றாகக் காக்கும், ஆனால் அதன் மேல் எதுவும் ஒட்டாது. சுருட்டுத் துணியால் கட்டுபவர்களுக்கே ஏற்றது. அதைத் தடிமனாக அப்பினால் கட்டின் துளைகள் அடைபட்டு நீர் உறிஞ்சப்படாமல் நிற்கும். மாற்றும்போது பழைய களிம்பைச் சுரண்டாதீர்கள். எண்ணெய் தொட்ட பஞ்சால் மெதுவாக இளக்கி எடுங்கள்.

பிளாஸ்டரை உரிக்கும்போது தோலும் கூடவே வருகிறது. என்ன செய்வது?

மேல்நோக்கி வெடுக்கென்று இழுப்பதுதான் காரணம். ஒரு கையின் விரலால் தோலை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பிளாஸ்டரைத் தோலோடு படிந்தவாறே பின்னோக்கி மடித்து, முடி வளரும் திசையில் மெதுவாக உரியுங்கள். முதியோருக்குச் சிலிக்கோன் பசை உள்ள கட்டு கேட்டு வாங்குங்கள். அது தோலைப் பிய்க்காது. புண் கையிலோ காலிலோ இருந்தால் பிளாஸ்டரே வேண்டாம். சுருட்டுத் துணி போதும்.

நீர் வற்றட்டும் என்று மஞ்சளோ காபித்தூளோ பவுடரோ போடலாமா?

வேண்டாம். எந்தத் தூளும் நீரோடு சேர்ந்து கட்டியாகிப் புண்ணின் மேல் ஓடு போல நிற்கும். நீர் அதற்கு அடியில் தேங்கும்; நாங்கள் புண்ணின் அடித்தளத்தைப் பார்க்கவும் முடியாது. சமையலறைத் தூள்களில் கிருமிகளும் இருக்கும். ஒரு பாட்டிக்குக் காபித்தூள் பொருக்கை ஊறவைத்து எடுக்க அரை மணி நேரம் ஆயிற்று. அடியில் இருந்த குழி யாரும் நினைத்ததைவிட ஆழம். கழுவச் சலைன் போதும். வீட்டில் செய்வதானால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீருக்கு 9 கிராம் உப்பு, அன்றன்றைக்குப் புதிதாக. ஸ்பிரிட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடும் புதுச் செல்களையும் கொன்றுவிடும்.

பிரித்ததும் நாறுகிறது. கெட்டுவிட்டதா?

கழுவிவிட்டு மறுபடி முகர்ந்து பாருங்கள். பல நாள் மூடியிருந்த எந்தக் கட்டிலும் சற்று வாடை இருக்கும். புண்நீர் பட்டால் கூழாகும் ஹைட்ரோகொலாய்ட் என்ற வகைக் கட்டில் கூடுதலாகவே இருக்கும். கழுவிய பிறகும் நாற்றம் போகவில்லை, கட்டில் பச்சை அல்லது நீலப்பச்சைக் கறை, சுற்றிலும் சூடு, புதிய வலி, காய்ச்சல், திடீரென்று ஏறிய சர்க்கரை: இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவரிடம் போங்கள். கட்டை மாற்றிக்கொண்டு வீட்டில் காத்திருக்கும் நேரம் அல்ல அது.

எவ்வளவு வடிகிறது என்று மருத்துவர் கேட்கிறார். எப்படிச் சொல்வது?

சமையலறைத் தராசில் புதுக் கட்டை உறையோடு நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். கழற்றிய கட்டையும் அந்த உறையையும் தனிப் பிளாஸ்டிக் பையில் போட்டு நிறுங்கள். பையின் எடையைக் கழியுங்கள். கூடிய ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ ஒரு மில்லிலிட்டர். ஃபோமில் ஒரு பகுதி ஆவியாகிவிடுவதால் உண்மை இதைவிடச் சற்று அதிகமாகவே இருக்கும். ஆனாலும் ஒரே வகைக் கட்டை ஒரே கால அளவில் நிறுத்துவந்தால், கூடுகிறதா குறைகிறதா என்பது தெளிவாகத் தெரியும்.

இவ்வளவு செலவு செய்தும் நீர் குறையவே இல்லை. இதைவிட நல்ல கட்டு இல்லையா?

ஒழுகும் கூரைக்கு அடியில் பாத்திரத்தை மாற்றிக்கொண்டே இருக்கிறோம் என்று வையுங்கள். ஓடு மாற்றாமல் என்ன பயன்? நரம்புச் சுருட்டல் புண்ணில் நீர் கொட்டுவதற்குக் காரணம் காலில் தேங்கும் இரத்தம். அதற்கு அழுத்தக் கட்டும், படுக்கும்போது காலை நெஞ்சு மட்டத்துக்கு மேல் உயர்த்தி வைப்பதும்தான் மருந்து. கையிலும் கணுக்காலிலும் இரத்த அழுத்தத்தை ஒப்பிட்டுப் பார்த்து, காலுக்கு இரத்தம் சரியாகப் போகிறது என்று தெரிந்த பிறகே அழுத்தக் கட்டு போட வேண்டும். இரண்டு காலும் வீங்கி இரண்டிலும் வடிந்தால் இதயத்தையும் சிறுநீரகத்தையும் பார்க்க வேண்டியிருக்கும்.

பாதத்து அடியில் உள்ள புண்ணுக்குக் காரணம் மிதிப்பது. 1946இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதம் ஆறாததற்குக் காரணம் கெட்ட சதை அல்ல, வலி தெரியாமல் அதே இடத்தில் மிதித்து நடப்பதே என்று எடுத்துக்காட்டினார். மாவுக்கட்டுப் போட்டு அழுத்தத்தைப் பாதம் முழுக்கப் பரப்பியபோது அந்தப் புண்கள் ஆறின. பின்னர் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனையில் சர்க்கரை நோயாளிகளுக்கும் அதைச் செய்தார். உலகின் மிக நல்ல கட்டைப் போட்டுவிட்டு அதன் மேலேயே நடந்தால் ஆறாது. இதைச் சொல்லும்போது என் குரல் சற்று உயர்ந்துவிடுகிறது என்று வீட்டார் சொல்வதுண்டு. விரலை இழந்தவர்களைப் பார்த்துப் பார்த்து வந்த குரல் அது.

அழுத்தக் கட்டு போட்டால் உள்ளே உறிஞ்சிய நீர் பிழிந்து வெளியே வராதா?

காஸும் பஞ்சும் பிழியப்படும். டயப்பர் குருணை உள்ள கட்டு பிழியப்படாது. அதனால் அழுத்தக் கட்டுக்கு அடியில் அந்த வகையையே விரும்புகிறோம். ஆனால் அது உப்பிக் கனமாகும். மடிப்பு விழுந்தால் தோலில் பள்ளம் பதியும். தட்டையாக வையுங்கள். அழுத்தம் வேலை செய்யத் தொடங்கினால் வீக்கம் வற்றி, நீரும் குறையும். அப்போது மெல்லிய கட்டுக்கு மாறலாம், செலவும் குறையும்.

அப்பாவின் கால்விரல் கறுத்துக் காய்ந்துவிட்டது. நீங்கள் சொன்ன மாதிரி ஈரமாக வைக்கலாமா?

கூடாது. நான் முன்பே சொன்ன விலக்கு இதுதான். இரத்த ஓட்டம் இல்லாமல் கறுத்து உலர்ந்த விரலோ, குதிகாலில் இறுகிய கறுப்பு ஓடோ இருந்தால் அதை உலர்வாகவே வைத்திருக்க வேண்டும். ஈரம் பட்டால் கிருமி பெருகி, காய்ந்தது அழுகலாக மாறி மேலே ஏறும். விரல்களுக்கு நடுவே உலர்ந்த காஸை வைத்து, இரத்தக் குழாய் மருத்துவரிடம் விரைவாகக் காட்டுங்கள். ஓரம் இளகினாலோ நீர் கசிந்தாலோ அன்றே போக வேண்டும்.

நேற்று வரை வடிந்த நீர் இன்று திடீரென்று நின்றுவிட்டது. நல்லதுதானே?

பல நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, புண்ணும் சுருங்கி, ஓரத்தில் முன்பு சொன்ன அந்த இளஞ்சிவப்புக் கோடும் தெரிந்தால் நல்லது. கட்டை மெல்லியதாக மாற்றுங்கள். வறண்ட புண்ணில் அதிகம் உறிஞ்சும் கட்டை வைத்தால் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியிருந்தால் இழுக்காமல் சலைனை ஊற்றி ஐந்து பத்து நிமிடம் ஊறவிடுங்கள்.

ஒரே நாளில் நின்று, சுற்றிலும் வீங்கி, வலியோ காய்ச்சலோ கூடினால் புண்ணின் வாய் அடைபட்டு உள்ளே சீழ் தேங்கியிருக்கலாம். கால் சில்லிட்டு நிறம் மாறினால் இரத்த ஓட்டம் நின்றிருக்கலாம். இந்த இரண்டிலும் அடுத்த கட்டு மாற்றும் நாள் வரை பொறுக்காதீர்கள், இரவானாலும் கிளம்புங்கள்.